அறிக்கையிலிருந்து ஓடிப்போன எலி

வெள்ளைக் கோட்டு எல்லாருக்கும் அளவாக இருக்கிறதா? தோளில் இறுக்கினால் இப்போதே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் கேட்டால் உடனே தருவார்கள். பழகிய பிறகு கேட்டால் காரணம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

உங்கள் குழுத் தலைவி என்னை அழைத்து, "பெரிய அனுபவசாலி, ஏதாவது சொல்லுங்கள்" என்றாள். மருந்துத் துகளை எப்படிச் செய்வது, எவ்வளவு நேரம் கலக்குவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கருவிகள் புதியவை. எங்கள் காலத்தில் இருந்த கருவியைத் தொடங்குவதற்கு முன் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்ட வேண்டும். அதனால் வேலை செய்யும் முறையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இத்தனை காலம் நாம் எலிகளோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் சீக்கிரமே முதல்முறையாக மனிதர்களின் முழங்காலுக்குள் இந்த மருந்தைச் செலுத்தப்போகிறீர்கள். மனிதர்கள் கேள்வி கேட்பார்கள். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மஸ்ஜித் இந்தியா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண் நான். ஒரே பாலியெஸ்டர் துணியைக் காலையில் ஜப்பான் பட்டு என்றும், மாலையில் கொரியன் பட்டு என்றும் வாப்பா விற்பதைப் பார்த்து வளர்ந்தவள். அந்த வியாபாரத்திலிருந்து தப்பித்து அறிவியலுக்குப் போய்விட்டதாக நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் நிறுவனம் சிறியது. கிள்ளான் போகும் சாலையில், ஒரு டயர் கிடங்குக்கும் ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்கும் நடுவில் ஆய்வகம் இருந்தது. இயக்குநர் டாக்டர் செல்வநாதன். நல்ல படிப்பாளி, அதைவிட நல்ல பேச்சாளர். நாங்கள் செய்ய முயன்றது இதுதான்: வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை முழங்காலுக்குள் ஊசியாகப் போட்டால், மூட்டு அதைத் தங்க விடாது. வந்த விருந்தாளிக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வாசல்வரை கொண்டுவிடும் வீட்டுக்காரரைப் போல, சீக்கிரமே வெளியே தள்ளிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களுக்குள் மருந்தை அடைத்து அனுப்பினோம். துகள் உள்ளே தங்கிக்கொள்ளும். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே வரும்.

திரையில் காட்டும் படத்தில் துகள்கள் தனித்தனியே அழகாக மிதக்கும். எங்கள் புட்டியில் அவை கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி, மூலைக்கு மூலை கூட்டம் சேர்ந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். அவற்றைப் பிரித்து வைக்கவே சில ஆண்டுகள் போயின. கடைசியில் ஒரு கலவை நிலைத்து நின்றது. மூட்டு வீக்கம் உண்டாக்கிய எலிகளின் முழங்காலுக்குள் அதைச் செலுத்தினோம். வீக்கம் குறைந்தது. அன்று நாங்கள் எல்லாரும் பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் நின்று தேநீர் குடித்தோம். நான் மனம் நிறைந்து சிரித்தேன்.

மறுவாரம் பத்திரிகைகளுக்கு அறிக்கை எழுதக் கூட்டம் போட்டார்கள். இயக்குநர், நான், விளம்பர வேலைக்குக் கோயம்புத்தூரிலிருந்து விசாவில் வந்திருந்த கார்த்திக், மூன்று பேர்தான். நான் ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். "மூட்டு வீக்கம் உண்டாக்கப்பட்ட எலிகளின் முழங்காலில், எங்கள் துகள் மருந்து வீக்கத்தைக் குறைத்தது." அவ்வளவுதான்.

இயக்குநர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "டாக்டர் மெஹர், எல்லாம் ஓகே. இந்த எலிதான் கொஞ்சம் அசிங்கமா இருக்கு லா."

"அதுக்குத்தானே சார் ஊசி போட்டோம்?"

"போட்டோம். இல்லேங்கல. ஆனா ஜனங்க காலையில ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டே பேப்பர் படிப்பாங்க. எலின்னு பாத்தா எப்படி உள்ள இறங்கும்?"

அதனால் எலி, 'ஆய்வக மாதிரி' ஆனது.

கார்த்திக் தயக்கத்தோடு சொன்னான். "மாதிரின்னா, கடையில ஓசியா குடுக்கற ஷாம்பு பாக்கெட் ஞாபகம் வருதுங்க சார்."

அதனால் மாதிரியும் போயிற்று. 'பரிசோதனையில் வீக்கம் குறைந்தது' என்று ஆயிற்று. பரிசோதனை என்றால் பள்ளிக்கூட நினைவு வருகிறது என்று அதையும் எடுத்தார்கள். 'வீக்கம் குறைந்தது' மட்டும் நின்றது. அது இறந்த காலமாக இருக்கிறது, உற்சாகமாக இல்லை என்றார் இயக்குநர். கடைசியில் 'வீக்கம் விரைவில் விலகும்' என்று முடிந்தது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தபடி, ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள், ஓர் உயிரினத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டோம்.

நான் எதிர்த்தேன். எலி இல்லாவிட்டால் படிப்பவர்கள் மனிதர்களுக்குப் போட்டதாக நினைப்பார்கள் என்றேன். "உங்க கருத்த பதிவு பண்ணிக்கிட்டோம்" என்றார் இயக்குநர். அந்த அலுவலகத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், கருத்தைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, அடக்கம் செய்தாயிற்று என்பதுதான்.

செய்தி வந்தது. இயக்குநரின் படம் பெரியதாக இருந்தது. பின்னால் என் முழங்கை தெரிந்தது. அதற்குப் பிறகு வாட்சப் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. கார்த்திக் வரைந்த படம் ஒன்று அதில் சுற்றியது. தலைக்கவசம் போட்டுக்கொண்டு சிரிக்கும் ஓர் உருண்டைத் துகள், கையில் வழிகாட்டிக் கருவியோடு முழங்காலுக்குள் நுழையும். எங்கள் துகளுக்கு வழி தெரியாது. ஊசி எங்கே விட்டதோ அங்கேயே கிடக்கும். ஆனாலும் அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

எனக்கும் திடீரென்று மரியாதை கூடியது. பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் எனக்குப் பொரித்த மீன் வைத்துவிட்டு, கைலியைத் தூக்கித் தன் முழங்காலையும் காட்டினார். எங்கள் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "லாத்தா, துணி வாங்க வர்றவங்க துணியக் கேக்க மாட்றாங்க. ஊசி இருக்கான்னு கேக்குறாங்க" என்றான்.

இதெல்லாம் சிரிப்புக்கான விஷயம்தான். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, சரஸ்வதி அக்காவின் கையைப் பார்க்கும்வரை.

சரஸ்வதி அக்கா பிரிக்பீல்ட்ஸில் தையல்கடை வைத்திருந்தவர். பிளவுஸ், சுடிதார், பாஜு கூரோங் எல்லாம் தைப்பார். வாய் நீளம். நீங்கள் சொன்ன அளவை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் சொல்லும் அளவுதான் உங்கள் உடம்பு. அவருக்கு முடக்குவாதம். உடம்பே தன் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய். வாரம் ஒருமுறை போடும் மாத்திரையால் அது அடங்கி இருந்தது. அவரும் தைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி மகள் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த துணியை வாங்கப் போனேன். துணி வெட்டாமலே கிடந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விரல் மூட்டுகள் சிவந்து உருண்டிருந்தன. கத்தரிக்கோல் மேசையில் இருந்தது.

"என்னக்கா, கை ஏன் இப்படி இருக்கு?"

"வீங்கத்தான் செய்யும். மாத்திரைய நிறுத்திட்டேன்ல?"

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? அந்த மாத்திரைய போட்டா மறுநா முழுக்க கொமட்டும். தலைமுடி கொட்டுது. உங்க ஊசிதான் வரப்போவுதே. ரெண்டும் உடம்புல ஒண்ணா இருந்தா ஒத்துக்காதுன்னு வாட்சப்ல வந்திச்சி. அதான் உடம்ப சுத்தம் பண்ணி வெச்சிக்கிட்டு இருக்கேன்."

மெல்லச் சொன்னேன். "அக்கா, எங்க ஊசி முழங்காலுக்குத்தான். உங்களுக்கு நோய் உடம்பு முழுக்க. அத அடக்குறது அந்த மாத்திரைதான். அதுக்குப் பதிலா இது வராது. அதோட, இத இன்னும் மனுசங்களுக்குப் போடவே இல்ல. எலிக்குத்தான் போட்டிருக்கோம்."

"எலிக்கா?" அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவரில் குத்தியிருந்த பத்திரிகைத் துண்டைக் காட்டினார். "எங்க, இதுல எலின்னு ஒரு எழுத்து காட்டுங்க பாப்போம்."

காட்ட முடியவில்லை.

"நீங்க உள்ள நின்னு மருந்து கலக்குற ஆளு. அவரு பெரியவரு. அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்? பேப்பர்ல அவரு மூஞ்சி இருக்கு. உங்க மூஞ்சி எங்க?"

என் முழங்கையை அடையாளம் காட்டலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

"அக்கா, நாளைக்கே என்கூட கிளினிக்குக்கு வாங்க. நான் வண்டி எடுத்துட்டு வரேன்."

"சும்மா சூசா பண்ணாதீங்க மெஹரு, எதுக்கு வீண் தொந்தரவு. அடுத்த ஞாயித்துக்கெழம கிள்ளான்ல உங்க பாஸ் பேசுறாருல்ல? நாங்க ஒரு வேன் பேசிட்டோம். அந்த கிளினிக்குல பழக்கமானவங்க எல்லாம் வர்றாங்க. அவரு வாயாலயே கேட்டுக்கிறோம்."

அந்த வேனில் வருகிறவர்களில் இன்னும் எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் நான் கேக்கல" என்றார். கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் இயக்குநர் அறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் ஒரே ஒரு விஷயத்தைச் சேர்க்கச் சொன்னேன்: இது இன்னும் மனிதர்களுக்கு வரவில்லை, யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "டாக்டர் மெஹர், அன்னிக்கு டத்தோ வர்றாரு. அவரு கை குடுத்தாத்தான் அடுத்த வருசம் இந்த லேப்பு ஓடும். தெரியும்தானே?"

தெரியும். டத்தோ பட்டம் வாங்கிய அந்தப் பணக்காரருக்குப் போர்ட் கிள்ளானில் லோரிகளும் கிடங்குகளும் இருந்தன. இரண்டு முழங்காலிலும் வலியும் இருந்தது. எங்கள் துகள்மீது அவருக்கு ஏற்பட்ட அறிவியல் ஆர்வம் அந்த முழங்கால்களிலிருந்துதான் ஆரம்பித்தது.

"சார், நம்ம ஊசிய நம்பி மாத்திரைய நிறுத்தின ஒரு தையல்கார அக்காவோட கையைப் பாத்தேன். இப்படியே விட்டா மூட்டு கெட்டுப்போயிடும்."

"நான் நிறுத்தச் சொன்னேனா? நான் பொய் ஏதாவது சொல்லியிருக்கேனா? விரைவில்னு சொன்னேன். விரைவில்னா எப்போன்னு சொன்னேனா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்பிக்கையும் ஒரு மருந்து டாக்டர். அதுக்கு சைட் எஃபெக்ட் கெடையாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் உடனே எழுதி வைத்துக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமைக்கு உதவும் என்று.

வெளியே வந்தால் கார்த்திக் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான். "மேடம், எனக்கு விசா புதுப்பிக்கற நேரமுங்க. கம்பெனி மூடிட்டா நான் நேரா ஊருக்குத்தானுங்க போகணும்" என்றான். பிறகு தன் காலணியைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் பேசினான். "எங்கம்மாவுக்கும் கையி இப்படித்தானுங்க. அந்தப் படம் அவங்களுக்கும் போயிருச்சு. எப்படா அந்த ஊசிய அனுப்புவேன்னு கேக்கறாங்க. நான்தான் வரைஞ்சேன்னு பெருமை வேற."

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இந்த இடத்தில் என்ன செய்வது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் வாயைத் திறந்தால் டத்தோ போய்விடுவார். ஆய்வகம் சுருங்கும். என்னோடு வேலை செய்த பிள்ளைகள் தெருவுக்கு வருவார்கள். எலிகளிடம் நன்றாக வேலை செய்த ஒரு மருந்து, ஒருவேளை மனிதர்களுக்கும் உதவக்கூடிய மருந்து, அலமாரியிலேயே செத்துப்போகலாம். வாயை மூடிக்கொண்டால் ஒரு வேன் நிறைய மூட்டுகள் அரிக்கப்படும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அலமாரியில் இருக்கிற மருந்தை இன்னொருவர் எடுத்துச் செய்யலாம். அரித்துப்போன மூட்டை யாரும் திருப்பித் தர முடியாது. எது கெட்டால் பிறகு திருத்த முடியாதோ அதைக் காப்பாற்றும் பக்கம் நில்லுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அந்த வாரம் முழுவதும் தேவைப்பட்டது. உங்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் பன்னீர், சந்தனம், சிரிக்கும் துகளின் ஆளுயரப் படம். டத்தோவுக்கு மாலை, இயக்குநருக்கு மாலை, டத்தோவின் லோரி மேலாளருக்கும் ஒரு மாலை. அதன் பிறகு அறிவிப்பாளர் 'நானோ நடனம்' என்றார். வெள்ளித்தாள் சுற்றிய சிறுமிகள் துகள்களாக வந்தார்கள். சிவப்பு பலூன்களைக் கட்டிக்கொண்ட ஒரு குண்டுப் பெண் வீக்கமாக நடுவில் நின்றாள். துகள்கள் மேடை முழுக்கப் பரவி வீக்கத்தை விரட்ட வேண்டும். ஆனால் கூச்சத்தால் எல்லாம் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. அந்த நிகழ்ச்சியில் அறிவியல்படி சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

இயக்குநர் பேசினார். நன்றாகவே பேசினார். நம்பிக்கைக்குப் பக்கவிளைவு இல்லை என்றபோது கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. டத்தோவும் முழங்காலைத் தடவியபடி தலையாட்டினார். கேள்வி நேரம் வந்தது. மைக் நேராகச் சரஸ்வதி அக்காவிடம் போனது. அதை விரல்களால் பிடிக்க முடியாமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அவர் எழுந்தார்.

"ஊசி எப்போ வரும் சார்?"

"மிக மிக விரைவில் அம்மா."

"அப்ப நாங்க மாத்திரைய நிறுத்தினது சரிதானே?"

இயக்குநர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவருக்குப் பதில் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. பிறகு டத்தோ பக்கம் பார்த்தார். "அம்மா, ஒவ்வொருவரும் தன் உடம்பின் குரலைக் கேட்க வேண்டும்" என்றார். மறுபடியும் கைதட்டல்.

நான் எழுந்து அக்காவிடம் நடந்தேன். முன்வரிசையிலிருந்து அவர் வரிசை அவ்வளவு தூரம் இல்லை. ஆனாலும் நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. "அக்கா, மைக்க ஒரு நிமிசம் குடுங்க" என்றேன். தேதி சொல்லப் போகிறேன் என்று நினைத்து உடனே கொடுத்துவிட்டார்.

இயக்குநரைக் குறை சொல்ல ஆரம்பித்தால் எல்லாரும் அதை அலுவலகச் சண்டையாக எடுத்துக்கொள்வார்கள். உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் அவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன்.

"நான் இந்த மருந்த செய்யிறவங்கள்ல ஒருத்தி. இத இன்னும் ஒரு மனுசருக்கும் போட்டதில்ல. எலிக்குத்தான் போட்டிருக்கோம். எலிக்கு நல்லா வேலை செஞ்சிச்சி. மனுசருக்குச் செய்யுமான்னு எனக்குத் தெரியாது, இங்க யாருக்கும் தெரியாது. வந்தாலும் முழங்காலுக்குத்தான் வரும். முடக்குவாதத்துக்கு டாக்டர் குடுத்த மாத்திரைக்குப் பதிலா வராது. மாத்திரைய நிறுத்தினவங்க நாளைக்கே கிளினிக்குக்குப் போங்க. நீங்களா திரும்ப ஆரம்பிக்காதீங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டு, அவரு சொல்ற மாதிரி ஆரம்பிங்க."

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "எலிக்கா?" என்றார். யாரோ சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் படம் மாறியது. சிரிக்கும் துகள் போய், கூண்டுக்குள் ஒரு வெள்ளை எலி வந்தது. வீங்கிய முழங்காலோடு, உலகத்தின்மேல் எந்த நம்பிக்கையும் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தது. மேடையோரத்தில் கணினிக்கு முன்னால் கார்த்திக் நேராகப் பார்த்தபடி நின்றான். அவன் கை மட்டும் விசைப்பலகைமேல் இருந்தது.

"யாராவது நிறுத்தியிருக்கீங்களா?" என்று கேட்டேன். முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு கை. அதன் பக்கத்தில் இன்னொன்று. அக்காவின் வேன் கூட்டத்தில் மட்டும் இல்லை, எதிர்ப்பக்கமும், கடைசி வரிசையிலும் கைகள் எழுந்தன. எதுவும் முழுதாக உயரவில்லை. அந்தத் தோள்களால் உயர்த்த முடியவில்லை. மேடையில் இயக்குநரைப் பார்த்தேன். அந்தக் கைகளை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து டத்தோதான் பேசினார். அவருக்கு உண்மையான ஒரு சந்தேகம் இருந்தது. "டாக்டர், அந்த எலி இப்ப எப்படி இருக்கு? நல்லா ஓடுதா?"

"இல்ல டத்தோ. மூட்டுக்குள்ள என்ன நடந்திச்சின்னு பாக்கணும். அதுக்காக..."

"அதுக்காக?"

"எலிய கொன்னுதான் பாக்கணும்."

டத்தோ இரண்டு கைகளாலும் இரண்டு முழங்கால்களையும் மூடிக்கொண்டார். தேநீருக்கு அவர் நிற்கவில்லை. பிறகு ஒரு நானோ குடிநீர் நிறுவனத்துக்கு ஆதரவு கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். தண்ணீரை எந்த எலிக்கும் ஊசியாகப் போட வேண்டியதில்லை.

வாசலில் சரஸ்வதி அக்கா என்னை நிறுத்தினார். நன்றி சொல்வார் என்று நினைத்தீர்களா? நானும் கொஞ்சம் நினைத்தேன். "ஒரு வேன் ஆளுங்க முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

இரண்டு முறை கடைக்குப் போனேன். முதல்முறை பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை, துணிகளுக்கு நடுவில் என்னை நிறுத்தி வைத்துவிட்டு, தொலைபேசியில் யாரிடமோ நீண்ட நேரம் வேண்டுமென்றே பேசினார். வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "வண்டி கொண்டாந்திருக்கீங்களா?" என்றார். "நீங்களே வந்து டாக்டர்கிட்ட சொல்லுங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

போனோம். அந்த டாக்டர் சின்னப் பெண். திட்டவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரையை மறுபடியும் எழுதினார். குமட்டலைக் குறைக்க வேறு வழி இருக்கிறது, இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் செய்திருப்பேன் என்றார். அக்கா எதிர்த்துப் பேசாமல் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆய்வகத்தில் என்னை யாரும் நீக்கவில்லை. 'தரம் குறித்த நீண்டகாலச் சிந்தனை' என்று ஒரு புதிய பொறுப்பை உண்டாக்கி, பழுதான உறைபெட்டிகள் வைத்திருந்த அறையில் உட்கார வைத்தார்கள். கார்த்திக்குக்கு அந்தத் தண்டனையும் இல்லை. எலிப் படம் தானாக வந்துவிட்டது, கணினிக் கோளாறு என்று அவன் சொன்னதை இயக்குநர் நம்பினார். கணினியைப் பற்றி அவருக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. டத்தோவின் பணம் வராததால் சிலர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களில் ஒரு பெண் என்னிடம் விடைபெறாமலே போனாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மருந்து சாகவில்லை. கைமாறி, பெயர் மாறி, இதோ உங்கள் குளிர்பெட்டியில் இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து, மறுபரிசோதனைக்கு அக்காவோடு நானும் போனேன். வீக்கம் வற்றியிருந்தது. டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்து, "நல்லா அடங்கியிருச்சி ஆன்டி" என்றார். அக்கா வலது கையை மேசைமேல் வைத்தார். இரண்டு விரல்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, பாதியில் மடங்கி நின்றன.

"இது எப்ப நிமிரும்?"

டாக்டர் அந்த விரல்களை மெல்லத் தொட்டுப் பார்த்தார். "வீக்கம் போயிருச்சி ஆன்டி. வளைஞ்சது அப்படியேதான் இருக்கும்."

அக்கா அந்த விரல்களை இடது கையால் மூடிக்கொண்டார். வெளியே வந்தோம். நடைபாதையில் என் பக்கம் திரும்பி, பழைய குரலில் சொன்னார். "விரைவில் விரைவில்னாரே உங்க பாஸு, அது எத்தன முழம்னு அவரையே சொல்லச் சொல்லுங்க. நான் டேப்பு எடுத்துட்டு வரேன்."

அன்று மாலையே இயக்குநர் அறைக்குப் போய் அதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். விரல்களையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மனம் வலிக்கிறது என்றுதான் நினைத்தேன். வலித்திருக்கவும் கூடும். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"டாக்டர் மெஹர், அந்தம்மா கையை ஒரு ஃபோட்டோ எடுக்க முடியுமா? அடுத்த அறிக்கையில போடலாம். மக்கள் காத்திருக்கிறார்கள்னு."

என் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாளிலிருந்து போகவில்லை. வயது காரணமாக நான் ஓய்வு பெற்றதாகத்தான் அந்தப் பழைய அலுவலகத்தில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். நீங்களும் இதுவரை அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.